அரைவயிற்றுப் பாக்டீரியா

வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டிவிட்டால், சோப்புத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்கினால் பெரும்பாலும் போய்விடுகிறது. பால், முட்டை, காலரில் படிந்த வியர்வை அழுக்கு எல்லாம் அப்படித்தான். அதே தூள் சாம்பார் சிந்திய இடத்து மஞ்சளிடம் தோற்றுப்போகிறது. சோப்பின் காரம் பட்டதும் கறை சிவந்து முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது. வெயிலில் காயப்போட்ட பிறகே மெல்ல வெளுக்கிறது. இந்தப் பாரபட்சத்துக்குக் காரணம் எளிது. ரத்தக் கறையையும் முட்டைக் கறையையும் துணியின் இழையோடு ஒட்டவைப்பது புரதம். சோப்புத்தூளில் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கும் நொதி ஒன்று கலந்திருக்கிறது. புரோட்டியேஸ் என்று அதற்குப் பெயர். மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற சிறிய சாயமூலக்கூறு. அதில் நறுக்குவதற்குப் புரதச் சங்கிலி எதுவும் இல்லை. ஆகவே நொதிக்கு அங்கே வேலையும் இல்லை. இதுவரை சிக்கல் இல்லை. உண்மையான புதிர் விலையில் இருக்கிறது. சலவைக்குப் பயன்படும் புரோட்டியேஸ் சுமார் 275 அமினோ அமிலங்கள் ஒரே வரிசை பிசகாமல் கோக்கப்பட்டு, ஒரே விதமாக மடிந்து உருவான பொருள். ஆய்வகத்தில் வேதியியல் முறையில் இதைக் கோத்துச் செய்ய முனைந்தால் ஒரு கிராமுக்கே தலை சுற்றும் செலவாகும். அப்படிப்பட்ட பொருள் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சின்னப் பொட்டலத்தில் எப்படி வந்து சேர்ந்தது?

முதலில் முயன்றவர்கள் இதை விலங்கிலிருந்து எடுத்தார்கள். ஜெர்மனியின் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர் தோல் பதனிடும் தொழிலிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர். அக்காலத்தில் பதப்படுத்தும் தோலை மென்மையாக்க நாயின் மலத்தையும் புறாவின் எச்சத்தையும் ஊறவைத்த நீரைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த நீரில் வேலை செய்வது புரதத்தைச் சிதைக்கும் நொதிதான் என்று ரோம் கருதினார். கசாப்புக் கூடத்துக் கணையத்திலிருந்து நொதியைப் பிரித்து, ‘ஓரோபான்’ என்ற பெயரில் 1900களின் முதல் பத்தாண்டுக்குள்ளேயே சந்தைக்குக் கொண்டுவந்தார். 1913இல் அதே கணையச் சாற்றைத் துணி துவைக்கவும் பயன்படுத்தலாம் என்று காப்புரிமை பெற்றார். யோசனை சரி, பொருள்தான் சரியில்லை. கணைய நொதி காரம் மிகுந்த சோப்பு நீரில் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு பன்றிக்கு ஒரு கணையம்தான். நொதி கூடுதலாக வேண்டுமென்று யாரும் பன்றிகளைக் கூடுதலாக வெட்டப்போவதில்லை. தீர்வு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1947இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங், ஓட்டசன் இருவரும் முட்டையின் வெண்கருப் புரதம் வேறொன்றாக மாறிப்போயிருப்பதைக் கவனித்தார்கள். மாற்றியது ஒரு பாசில்லஸ் பாக்டீரியா வெளிவிட்ட நொதி. பின்னாளில் சப்டிலிசின் என்று பெயர் பெற்ற இந்த நொதிக்குக் காரம் ஒரு பொருட்டே இல்லை. 1959இல் சுவிட்சர்லாந்தில் பாக்டீரியா நொதி கலந்த சலவைத்தூள் ஒன்று விற்பனைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் பாசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்ற இனத்திலிருந்து எடுத்த ‘அல்கலேஸ்’ நொதியைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது.

பாசில்லஸ் மண்ணில் வாழும் உயிர். இலைச் சருகும் செத்த பூச்சியும் அதற்கு உணவு. ஆனால் அவற்றை அப்படியே விழுங்க வாய் கிடையாது. எனவே நொதிகளை உடலுக்கு வெளியே விட்டு, உணவைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. தொழிலுக்கு இது பெரிய வசதி. ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான ஈ. கோலையில் செய்யும் புரதம் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். செல்லை உடைத்து, ஆயிரக்கணக்கான மற்ற புரதங்களிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வேண்டும். ஈ. கோலைக்கு இரண்டு சவ்வுகள். பாசில்லஸுக்கு ஒரே சவ்வு. நொதியை வெளியே தள்ளிவிடும். பாக்டீரியாவை வடித்துவிட்டால் எஞ்சும் நீரில் பெரும்பங்கு நமக்கு வேண்டிய நொதியே. எந்தப் பாசில்லஸ் அதிகம் வெளிவிடுகிறது என்று பார்க்கவும் பெரிய கருவி தேவையில்லை. பால் கலந்த கூழ்ம ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்த்தால், வெள்ளைப் பரப்பில் ஒவ்வொரு கூட்டத்தைச் சுற்றியும் பால்புரதம் சிதைந்த ஒரு தெளிந்த வளையம் தோன்றும். அகன்ற வளையம், அதிக நொதி. இந்த வளையத்தை வைத்துக்கொண்டுதான் புற ஊதாக் கதிரும் வேதிப்பொருளும் காட்டி மரபணுவைக் குலைத்த லட்சக்கணக்கான பாக்டீரியாக்களிலிருந்து நல்ல உழைப்பாளிகளைப் பல பத்தாண்டுகளாகப் பொறுக்கி எடுத்தார்கள்.

ஆனால் நல்ல உழைப்பாளியைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு தொல்லை மிஞ்சியது. சர்க்கரையும் அமினோ அமிலமும் தாராளமாகக் கொடுத்தால் பாசில்லஸ் மளமளவென்று பெருகும், அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும், ஆனால் நொதியை ஏறக்குறைய வெளிவிடவே விடாது. உணவு தீர்ந்து வளர்ச்சி நின்ற பிறகே நொதி வரத் தொடங்கும். நம் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் இது விளங்கும். முதல் தேதி சம்பளம் கையில் இருக்கும்போது அஞ்சறைப்பெட்டியில் ஒளித்துவைத்த சில்லறையை யாரும் தேடுவதில்லை, பழைய பேப்பரை எடைக்குப் போடுவதுமில்லை. மாதக் கடைசியில்தான் அந்த வேலையெல்லாம் நடக்கும். கரைந்த சர்க்கரை கண்ணெதிரே இருக்கையில், புரதத்தைச் செலவழித்து நொதி செய்து, அதை வெளியே எறிந்து, வெளியில் இருக்கும் கடினமான புரதத்தைக் கரைத்துச் சாப்பிடுவது பாக்டீரியாவுக்கு நட்டக் கணக்கு. நமக்கு வேண்டியதோ இரண்டும்: கலன் நிறையப் பாக்டீரியா, அந்தப் பாக்டீரியா அனைத்தும் மாதக் கடைசி மனநிலையில். வயிறு நிறைந்தால் எண்ணிக்கை வரும், நொதி வராது. வயிறு காய்ந்தால் நொதி வரும், எண்ணிக்கை இராது. நொதி உற்பத்தியைப் பெருக்கிய கதை முழுவதும் இந்த முரண்பாட்டோடு நடத்திய பேரம் என்பதே என் வாதம்.

பாக்டீரியாவுக்குப் பசி தெரியுமா, மனநிலை உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மனநிலை கிடையாது, ஆனால் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது மூலக்கூறு மூலக்கூறாகத் தெரியும், தெரிய வந்த விதமும் சுவையானது. உணவு தீர்ந்ததும் பாசில்லஸ் இரண்டு காரியங்கள் செய்கிறது. ஒன்று, நொதி விடுகிறது. மற்றொன்று, பல மணி நேரம் செலவிட்டுத் தடித்த உறை போர்த்திய அகவித்தாக மாறித் தூங்கிவிடுகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதால், வித்து உருவாவதற்குப் புரோட்டியேஸ் தேவை என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். வித்து உண்டாக்கும் திறனை இழந்த பல திரிபுகள் நொதி விடும் திறனையும் இழந்திருந்ததால் அந்த நம்பிக்கைக்கு வலுவும் இருந்தது. 1984இல் சப்டிலிசின் மரபணுவைப் பாசில்லஸ் சப்டிலிஸிலிருந்து வெட்டி நீக்கிப் பார்த்தார்கள். பாக்டீரியா வழக்கம்போல் வளர்ந்தது, வழக்கம்போல் வித்தும் ஆயிற்று. ஆக, இந்த நொதி வித்துக்குக் காரணமில்லை. இரண்டையும் ஆட்டுவிக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஆள் ஸ்போ-ஜீரோ-ஏ என்ற புரதம். இதை இழந்த பாக்டீரியாவில் நொதியும் இல்லை, வித்தும் இல்லை. அதே பாக்டீரியாவில் கூடுதலாக ஏபிஆர்-பி என்ற இன்னொரு புரதத்தின் மரபணுவையும் கெடுத்தால் வேடிக்கை நடக்கிறது: நொதி திரும்பி வருகிறது, வித்து வருவதில்லை. இதிலிருந்து ஊகிக்க முடிவது இதுதான். ஏபிஆர்-பி என்பது வயிறு நிறைந்த காலத்தில் நொதி மரபணுவின் மேல் உட்கார்ந்திருக்கும் காவலாளி. பசி வரும்போது ஸ்போ-ஜீரோ-ஏ அந்தக் காவலாளியை விலக்குகிறது. லூசின் போன்ற அமினோ அமிலங்கள் ஏராளமாக இருக்கையில் அதே மரபணுவை அமுக்கிவைக்கும் கோட்-ஒய் முதலிய வேறு காவலாளிகளும் உண்டு.

தொழிலுக்கு மிக உதவும் விஷயம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. ஹார்வர்டின் ரிச்சர்ட் லோசிக் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்போ-ஜீரோ-ஏ ஆட்டுவிக்கும் மரபணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை என்று காட்டியது. அந்தப் புரதம் கொஞ்சமாகச் செயலூக்கம் பெற்றதுமே சில மரபணுக்களின் நிலை மாறுகிறது. ஏபிஆர்-பியை விலக்குவது இந்த வகை. வித்து உருவாக்கும் மரபணுக்கள் பலவற்றுக்கு அதன் அளவு நன்றாக ஏறியாக வேண்டும். அதாவது லேசான பசிக்கும் கொடும்பசிக்கும் வெவ்வேறு வாசற்படிகள். முதற்படியைத் தாண்டினால் நொதி. இரண்டாவதையும் தாண்டினால் தூக்கம். பாசில்லஸும் அந்தத் தூக்கத்துக்கு அவசரப்படுவதில்லை. பசி வந்த முதல் அணி தன் பக்கத்திலிருக்கும் சகோதரச் செல்களைக் கொன்று, அவற்றிலிருந்து கசியும் உணவை உண்டு, வித்தாவதைத் தள்ளிப்போடுகிறது என்று இதே ஆய்வுக் குழு அதற்குச் சற்று முன்னரே காட்டியிருந்தது. அப்படியானால் நொதித் தொழிற்சாலை செய்ய வேண்டியது தெளிவாகிறது: கலனில் உள்ள ஒவ்வொரு பாக்டீரியாவையும் இரண்டு படிகளுக்கும் நடுவே, அரைவயிற்றில், நாட்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டும்.

இந்த மூலக்கூறுகளின் பெயர் தெரிவதற்கு முன்பே பொறியாளர்கள் அதைச் செய்யப் பழகியிருந்தார்கள். மாதச் சம்பளத்தைத் தினக்கூலியாக மாற்றினார்கள். உணவு முழுவதையும் முதலிலேயே கொட்டாமல், பாக்டீரியா ஓரளவு பெருகும் வரை மட்டும் தாங்கும் சர்க்கரையோடு தொடங்கி, அது தீர்ந்ததும் அடர்ந்த சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகக் குழாய் வழியே விடுவது அந்த முறை. ஊட்டு நொதித்தல் என்று இதைச் சொல்லலாம். சர்க்கரை தீர்ந்தது எப்படித் தெரியும்? ஃபெர்மென்டர் எனப்படும் அந்தக் கலனுக்குள் பொருத்திய ஆக்சிஜன் மானியின் அளவு திடீரென்று மேலே துள்ளும். எரிக்கச் சர்க்கரை இல்லாததால் பாக்டீரியா மூச்சு வாங்குவதைக் குறைக்கிறது. வாங்காத ஆக்சிஜன் நீரில் தேங்குகிறது. கலனிலிருந்து வெளியேறும் காற்றில் கார்பன் டை ஆக்சைடும் அதே நேரம் குறையும். இந்த இரண்டையும் பார்த்துத்தான் குழாயைத் திறக்கிறார்கள், திறந்த பிறகும் சொட்டின் வேகத்தை இவற்றை வைத்தே கூட்டிக் குறைக்கிறார்கள். விடும் சர்க்கரை விட்ட கணமே தின்று தீர்க்கப்படுவதால், கலனில் எந்த நேரம் அளந்தாலும் சர்க்கரை ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் நாள் முழுக்க உள்ளே போன சர்க்கரை ஏராளம். இப்படி வளர்த்து, நல்ல பாசில்லஸ் வகைகளிலிருந்து லிட்டருக்கு 20 கிராமுக்கும் மேல் நொதி வெளிவந்ததாகத் தொழில்நுட்ப நூல்கள் பதிவுசெய்கின்றன. வெளியே தள்ளப்பட்ட புரதத்துக்கு இது அசாதாரண அளவு.

இங்கே ஒரு கூர்மையான மறுப்பு எழும். காவலாளிகளைத்தான் மரபணு மாற்றத்தால் வேலையை விட்டே அனுப்பிவிடலாமே, பசிக்காகக் காத்திருப்பானேன்? எப்போதும் திறந்திருக்கும் வலுவான தொடக்க விசை ஒன்றை நொதி மரபணுவின் முன் வைத்துவிட்டால் பேரமே தேவையில்லையே? இதில் பாதி உண்மை. டெக்-யூ என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் பாசில்லஸ் புரோட்டியேஸைப் பலமடங்கு கொட்டுகிறது. அதே திரிபு நீந்தப் பயன்படும் கசையிழைகளையும் கைவிடுகிறது. இவ்வகைத் திரிபுகள் 1970களிலேயே கைக்கு வந்துவிட்டன. இன்றைய தொழில்வகைகளில் பசியையே எதிர்பார்க்காத விசைகளும் உண்டு. அப்படியும் யாரும் ஊட்டு முறையைக் கைவிடவில்லை. ஒரு காரணம் டார்வின் சொன்னதுதான். வளரும்போதே நொதிக்காகச் செலவழிக்கும் பாக்டீரியா மெதுவாகத்தான் இரட்டிக்கும். அந்தக் கூட்டத்தில் தற்செயலாக நொதி மரபணுவைத் தொலைத்த சோம்பேறி ஒன்று தோன்றினால், பாரமில்லாத அதன் வாரிசுகள் பெருகிக் கலனை நிறைத்துவிடும். சிறு குப்பியிலிருந்து லட்சம் லிட்டர் கலன் வரை படிப்படியாகப் பெருக்குகையில் எத்தனையோ தலைமுறைகள் கடக்கின்றன. ஏமாற்றுக்காரர்களுக்கு அது போதுமான அவகாசம். மரபணுவின் நகல்களைக் கூட்டக் கூட்ட இந்த ஆபத்தும் கூடுகிறது.

இன்னொரு காரணம் ஆக்சிஜன். மரபணு மாற்றம் செய்து இதைத் தாண்ட முடியாது. சர்க்கரை ஒரு லிட்டர் நீரில் பல நூறு கிராம் கரையும். காற்றிலிருந்து ஆக்சிஜனோ 37 டிகிரி சூட்டில் சுமார் 7 மில்லிகிராம்தான் கரையும். அடர்ந்து வளர்ந்த பாசில்லஸ் கூட்டம் மணிக்கு லிட்டருக்கு 3 கிராம் ஆக்சிஜன் கேட்கிறது என்று வையுங்கள், அந்தக் கையிருப்பு எட்டே வினாடியில் தீர்ந்துவிடும். ஆகவே கலனின் அடியிலிருந்து ஓயாமல் காற்றை ஊதி, சுழலும் தகடுகளால் குமிழிகளை உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. வயிறாரச் சர்க்கரை கிடைத்தால் பாக்டீரியா அந்த வரம்பை ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடும். பிறகு மூச்சுத் திணறும். ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போதேகூட சர்க்கரை மிஞ்சினால் பாசில்லஸ் அதைப் பாதியில் விட்டு அசெட்டிக் அமிலமாகக் கழித்துவிடுகிறது. வெப்பமும் அப்படியே: மேலே சொன்ன வேகத்தில் மூச்சு வாங்கும் ஒரு லட்சம் லிட்டர் கலன் ஒரு மெகாவாட்டுக்கும் மேல் சூட்டை உமிழும். கலன் பெரிதாகப் பெரிதாகக் கொள்ளளவு வளரும் அளவுக்குச் சுவரின் பரப்பு வளர்வதில்லை என்பதால் அந்தச் சூட்டை வெளியே எடுப்பது மேலும் மேலும் கடினம். எனவே சர்க்கரைக் குழாயின் திருகு மூச்சையும் சூட்டையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. பசி என்ற சமிக்ஞையை மரபணுவிலிருந்து அழித்துவிடலாம். பசியை அழிக்க முடியாது. என் பார்வையில் பேரம் தொடர்கிறது, எதிரே உட்கார்ந்திருப்பவர் மட்டும் மாறிவிட்டார்.

மரபணு விழித்துவிட்டால் நொதி வெளியே வந்துவிடும் என்பதும் அவசர முடிவு. செல்லுக்குள் கோக்கப்படும் சப்டிலிசின் 381 அமினோ அமிலங்கள் நீளம். முதல் 29 வழிகாட்டும் தலைப்பகுதி. சவ்வில் உள்ள நுழைவாயிலைக் காட்டிவிட்டு அது வெட்டுண்டு போகிறது. அடுத்த 77 ஒரு வார்ப்பு அச்சு. சங்கிலி மடியாமல் நூலாகச் சவ்வைக் கடந்த பிறகு, இந்த அச்சைப் பிடித்துக்கொண்டுதான் மீதி 275ம் சரியாக மடிகின்றன. மடிந்து முடித்த நொதி செய்யும் முதல் வேலை அந்த அச்சையே வெட்டித் தின்பது. இந்த ஏற்பாட்டின் நியாயம் புரிகிறது: புரதத்தை நறுக்கும் கத்தி செல்லுக்குள்ளேயே கூர் பெற்றால் செல் பிழைக்காது. ஆனால் தொழிலுக்கு இது நெருக்கடி. நூல்கள் வாயிலில் குவிகின்றன. வெளியே வந்த நூலைத் தாங்கி மடிக்க உதவும் பிஆர்எஸ்-ஏ என்ற உதவிப்புரதம் போதாமல் மடியாத சங்கிலிகள் சிதைந்துபோகின்றன. பின்லாந்து ஆய்வாளர்கள் பிஆர்எஸ்-ஏவை மட்டும் கூட்டிப் பார்த்தபோதே மாவுச்சத்து நொதியான அமைலேஸின் வெளியேற்றம் பலமடங்கு உயர்ந்தது. தலைப்பகுதியை மாற்றினாலும் பலன் உண்டு. ஆனால் எதை எதனோடு பொருத்துவது என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. 2006இல் ஜெர்மன் குழு ஒன்று பாசில்லஸ் சப்டிலிஸின் 173 தலைப்பகுதிகளையும் ஒவ்வொன்றாக ஒரு நொதியின் முன் ஒட்டிச் சோதித்தது. அதில் முதலிடம் பெற்றவை வேறொரு நொதியின் முன் சாதாரணமாகவே நின்றன. இது போதாதென்று, பாசில்லஸ் தன்னுடைய மற்ற புரோட்டியேஸ்களையும் கூடவே வெளிவிட்டு நம் சரக்கைக் கடித்துக் குதறும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் அவற்றின் மரபணுக்களை முதலில் ஆறு, பிறகு எட்டு என்று நீக்கிய வகைகளை உருவாக்கினார்கள். வெளிநாட்டுப் புரதம் தயாரிக்க அவை கொடை. தயாரிக்கும் பொருளே புரோட்டியேஸ் என்றால்? அது தன்னைத்தானே தின்னும். கால்சியம் அயனிகள் இறுகப் பிடித்துக்கொண்டால் மடிப்பு தளராது, தளராத நொதியைக் கடிப்பது கடினம். ஆகவே ஊடகத்தில் கொஞ்சம் கால்சியம்.

மற்றொரு வீணும் அண்மைக் காலம் வரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. கலனில் உள்ள எல்லாப் பாக்டீரியாவும் ஒரே மாதிரி உழைக்கின்றன என்று சராசரி அளவீடு நம்பவைத்தது. சப்டிலிசின் மரபணுவின் விசையோடு பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை இணைத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது: ஒரே மரபணுத் தொகுதி, ஒரே உணவு, ஆயினும் ஒரு பகுதிச் செல்கள் மட்டுமே ஒளிர்ந்தன, மற்றவை இருண்டிருந்தன. வெளியே விடும் நொதி பொதுச்சொத்து. சிலர் செய்தால் எல்லாரும் உண்ணலாம். மண்ணில் இது சிக்கனமான ஏற்பாடாக இருக்கலாம். கலனில் அது சர்க்கரை தின்று சும்மா இருக்கும் கூட்டம். நொதி விளைச்சலை உயர்த்த இன்னும் இடமிருக்கிறது என்று நான் நினைப்பதற்கு வலுவான காரணம் இந்த இருண்ட செல்கள்.

இந்த வெளிச்சத்தில், இந்தியப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஏராளமாக வெளிவரும் ஒருவகை ஆய்வுக் கட்டுரையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கசாப்புக் கூடத்து மண்ணிலிருந்தோ தோல் ஆலைக் கழிவிலிருந்தோ புதிய பாசில்லஸைப் பிரித்து, கூம்புக் குடுவையில் குலுக்கி வளர்த்து, சர்க்கரை வகை, நைட்ரஜன் வகை, சூடு, காரம் என்று ஒவ்வொன்றாகவோ புள்ளியியல் முறையிலோ மாற்றிப் பார்த்து, விளைச்சல் இத்தனை மடங்கு உயர்ந்தது என்று முடிக்கும் கட்டுரைகள். மாணவருக்கு நல்ல பயிற்சி. புதிய நொதி கிடைப்பதும் உண்டு. ஆனால் அந்த மடங்குகளை நான் நம்புவதில்லை. குடுவையில் உணவு முழுவதும் முதல் நாளே விழுந்துவிடுகிறது, ஆக்சிஜன் குலுக்கலுக்குத் தக்கபடி மட்டுமே கரைகிறது, அமிலத்தன்மை அதன் போக்கில் ஏறி இறங்குகிறது. அந்தச் சூழலில் சோயா மாவும் மாவுச்சத்தும் அடிக்கடி முதலிடம் பெறுவதில் வியப்பில்லை. அவை கரையாமல் கிடந்து, நொதி கொஞ்சம் கொஞ்சமாக அறுக்க அறுக்க உணவு விடுபவை; குழாயும் திருகும் இல்லாத இடத்தில் தினக்கூலியைத் தாமே கொடுப்பவை. குடுவைச் சோதனை உண்மையில் கண்டுபிடித்தது சோயாவின் மகிமையை அல்ல, மெதுவான ஊட்டலின் மகிமையை. சர்க்கரையை அளந்து விடும் கலனுக்குப் போனதும் வரிசை மாறிவிடக்கூடும். எதிர்த்திசையிலும் எச்சரிக்கை தேவை: பெரிய கலனில் விழுந்த சர்க்கரை எல்லா மூலைக்கும் பரவப் பல பத்து வினாடிகள் ஆகலாம். குழாயின் வாயருகே மிதக்கும் பாக்டீரியாவுக்கு விருந்து, தொலைவில் இருப்பதற்குப் பட்டினி. சுற்றிச் சுற்றி வருகையில் ஒரே பாக்டீரியா நிமிடத்துக்குள் இரண்டையும் அனுபவிக்கிறது. இதை ஆராய, விருந்தும் பட்டினியுமாக இரண்டு சிறு கலன்களைக் குழாயால் இணைத்துப் பாக்டீரியாவை மாறி மாறிச் சுற்றவிடும் சோதனை முறை இருக்கிறது. நம் கல்லூரிகளில் குடுவைக்குச் செலவிடும் உழைப்பில் கொஞ்சம் இதற்குப் போனால் தொழிலுக்கு நேராக உதவும்.

லிட்டருக்கு எத்தனை கிராம் என்பது மட்டும் கணக்காகாது என்று சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சப்டிலிசினின் 222ஆம் இடத்தில் இருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் வெளுப்பான் பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து நொதியை முடமாக்குகிறது. 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த ஓர் இடத்தை மட்டும் அலனினாகவோ செரினாகவோ மாற்றி, வெளுப்பானோடு ஒரே பொட்டலத்தில் குடியிருக்கும் நொதியைப் பெற்றார்கள். விளைச்சல் ஒரு கிராம்கூட ஏறவில்லை. ஒவ்வொரு கிராமும் நெடுநேரம் உழைத்தது. மறுபக்கம், மலிவும் மிகுதியும் தாமாகவே நன்மை ஆகிவிடுவதில்லை என்பதற்கும் இதே தொழிலில் சான்று உண்டு. நொதித் தூளைச் சுவாசித்த பிரிட்டன் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு மூச்சிரைப்பும் ஒவ்வாமையும் வந்ததை 1969இல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். பொதுமக்களிடம் அச்சம் பரவி, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நொதித் தூள்களின் விற்பனை சரிந்தது. நொதியை மெழுகு போன்ற உறை பூசிய மணிகளாக மாற்றித் தூசி கிளம்பாமல் செய்த பிறகே தொழில் மீண்டது. மரபணு மாற்றிய பாக்டீரியா பற்றிய இன்றைய அச்சத்தைவிட அன்றைய தூசி மெய்யான ஆபத்து. இன்று விற்கப்படுவது வடித்துப் பிரித்த நொதி. அதைச் செய்த பாக்டீரியா தொழிற்சாலையிலேயே கொல்லப்பட்டுவிடுகிறது. வித்தாக மாறும் மரபணுக்களையும் நீக்கிவிட்ட வகைகளைப் பயன்படுத்தினால், கொல்வதும் எளிது, தப்பிப் பிழைப்பதும் அரிது.

விளைச்சல் எங்கே நேரடியாகப் பணமாகவும் நீராகவும் மாறும் என்பதை வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளில் பார்க்கலாம். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுகின்றன. அந்தக் கழிவுநீரின் நாற்றமும் நஞ்சும் பாலாற்றங்கரை மக்களுக்குப் புதிதல்ல. மயிர்க்காலைச் சுற்றியுள்ள புரதத்தை மட்டும் அறுத்து, தோலுக்கு வலிமை தரும் கொலாஜனைத் தொடாமல் விடும் புரோட்டியேஸ் கிடைத்தால் சல்பைடின் தேவை பெருமளவு குறையும். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த வழியில் நீண்டகாலமாக உழைத்துவருகிறது, முறைகள் இருக்கின்றன. ஆனால் போட்டி சல்பைடின் விலையோடு. சோப்புத்தூளில் நொதியின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் அதன் விலை பொட்டலத்துக்குள் மறைந்துவிடும். தோல் தொட்டியில் மறையாது. ஒவ்வொரு தோலுக்கும் எடை போட்டு ஊற்ற வேண்டும். சல்பைடின் செலவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் செலவையும் சேர்த்து எழுதினால் கணக்கு நொதியின் பக்கம் சாயத் தொடங்குகிறது. மீதித் தூரத்தைக் கடக்க வேண்டியது ஃபெர்மென்டர்: கொலாஜனைத் தொடாத ஒரு பாசில்லஸ், அதை இரண்டு படிகளுக்கும் நடுவே பிடித்து நிறுத்தும் ஓர் ஊட்டல் அட்டவணை, லிட்டருக்கு இன்னும் சில கிராம்.